ரெண்டு ஏக்கர் பார்க்குல டிஸ்க் கோல்ஃப் ஆட முடியுமா?

கேள்வி – 2024 பிப்ரவரி 3

கம்மனஹள்ளியில இருக்கேன். அமெரிக்காவுல அண்ணன் வீட்டுக்குப் போனப்ப ரெண்டு மாசம் டிஸ்க் கோல்ஃப் ஆடினேன். கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதிலா தட்டு மாதிரி டிஸ்க்கைக் கையால எறிஞ்சு, எவ்வளவு குறைஞ்ச எறியில முடியுமோ அவ்வளவுல கூடையில போடணும். திரும்பி வந்தும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. ஆனா அங்கே காடு மாதிரி இடம். இங்கே லேஅவுட் பார்க்குல நடக்கிறவங்க, சறுக்குமரம், நாய், பூந்தொட்டி நடுவுல இதெல்லாம் ஆகுற காரியமா? ஆகாதுங்கிறது என் கட்சி. யாராவது பெங்களூர்ல ஆடுறீங்களா? ரெண்டு அணியா எறிஞ்சு பிடிச்சு ஆடுற அல்டிமேட் டிஸ்க்கை வச்சே ஒப்பேத்தலாமா?

பதில் – 2024 பிப்ரவரி 4, ஞாயிறு, காலை 10.20

ஆகும். ஆகிட்டு இருக்கு. இராமமூர்த்தி நகர் பக்கம் எங்க லேஅவுட் பார்க்குல போன தீபாவளி முடிஞ்சதிலிருந்து ஆடுறோம். ரெண்டு ஏக்கர் சொச்சம் இருக்கும். ஆறு கூடை. எறியற இடத்துலேருந்து கூடைக்குக் குட்டையானது 28 மீட்டர், நீளமானது 52 மீட்டர், எல்லாமே பார் மூணு, அதாவது மூணு எறியில முடிக்கணும். காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சா நாலு பேர் முக்கால் மணி நேரத்துல முடிச்சுட்டு இட்லிக்குப் போயிடலாம்.

டிரைவர்ங்கிற தூர எறி டிஸ்க் வாங்காதீங்க. கிட்டத்துல போடுற பட்டர் டிஸ்க் ஒண்ணு போதும். எங்க பார்க்குல பட்டர் தவிர வேற டிஸ்க்குக்கு இடமில்லைன்னு விதியே வச்சிருக்கோம்.

அல்டிமேட் டிஸ்க் வேலைக்கு ஆகாது. எடை ரெண்டும் 175 கிராம் பக்கம்தான். ஆனா அது 27 செ.மீ. அகலம், மழுங்கின விளிம்பு, பிடிக்கிறவன் கையில மெதுவா வந்து உட்காரச் செஞ்சது. பட்டர் 21 செ.மீ., காத்தைக் கிழிச்சுட்டுப் போய்ச் சங்கிலியில மோதணும். தோசைக்கல்லும் தோசையும் ஒண்ணாகுமா?

அதே நாள், 10.45

நாய் பத்திக் கேட்டீங்களே, மறந்துட்டேன். மூணு இருக்கு. ரெண்டு சோம்பேறி. மூணாவது, டிஸ்க் விழுந்ததும் கவ்விட்டுக் கழிப்பறைப் பின்பக்கம் ஓடிரும். நின்ன டிஸ்க்கை வேற யாராவது நகர்த்தினா பழைய இடத்துலயே வச்சு ஆடணும்னு விதி இருக்கு. பழைய இடம் எதுன்னுதான் தினமும் சண்டை. எங்க செட்ல ஒருத்தருக்கு நாய் எடுத்தப்பல்லாம் டிஸ்க் கூடைக்கு ரெண்டடி பக்கத்துல விழுந்ததாத்தான் ஞாபகம் வரும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கூடை எங்கே வாங்கினீங்கன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. வாங்கல, அடிச்சோம்.

மேல ஒரு பழைய சைக்கிள் ரிம். அதுலேருந்து ஊஞ்சல் சங்கிலியோட தம்பிமுறை, ஒல்லிச் சங்கிலி, எஸ்.பி. ரோட்ல கிலோ கணக்குல வாங்கினது. நடுவுல ஜி.ஐ. பைப். அடியில 20 லிட்டர் பெயிண்ட் வாளியில காங்கிரீட் போட்டுப் பைப்பை நட்டாச்சு. வெல்டிங் கடைக்காரர் ஆம்பூர்க்காரர். வரைஞ்சு காட்டினதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது கோழி அடைக்கவா, மீன் பிடிக்கவாங்க?"ன்னார். டிஸ்க் பிடிக்கன்னேன். பதில் சொல்லாம முன்பணம் கேட்டார்.

முதல் கூடையில எட்டுச் சங்கிலி தொங்கவிட்டோம். பார்க்க அம்சமா இருந்துது. எறிஞ்சா டிஸ்க் ரெண்டு சங்கிலிக்கு நடுவுல புகுந்து அந்தப் பக்கம் போயிடுது. சங்கிலிக்கு வேலை, வர்ற வேகத்தையும் சுத்தையும் உறிஞ்சிட்டு டிஸ்க்கைக் கீழே தொப்புன்னு போடுறது. ஒரே வட்டத்துல தொங்கினா அது ஆகாது. உள்ளே இன்னொரு சின்ன வட்டம், அதுல ஆறு சங்கிலி, வெளிச் சங்கிலியோட இடைவெளிக்கு நேரா வர்ற மாதிரி. அதுக்கப்புறம்தான் அந்தச் சத்தம் வந்துது. கோயில் தேர் நிலைக்கு வந்து நிக்கிறப்போ சங்கிலி ஒரு உலுக்கு உலுக்குமே, அது.

கீழ்க்கூடை விளிம்பு தரையிலேருந்து 82 செ.மீ. இதுல மட்டும் சமரசம் பண்ணாதீங்க. எங்க மூணாவது கூடை அவசரத்துல 70 ஆயிடுச்சு. அங்கே எல்லாரும் சூரப்புலி, மத்த அஞ்சுல எலி.

செலவு கூடைக்கு 2,300 ரூபாய்.

அதே நாள், ராத்திரி

ஒண்ணு விட்டுப்போச்சு. முதல்ல கீழ்க்கூடைக்கு கே.ஆர். மார்க்கெட்ல பூக்காரங்க வச்சிருக்கிற மூங்கில் கூடையைத்தான் கட்டினோம். மூணாவதுல ஒரு பூனை குட்டி போட்டுடுச்சு. மூணு குட்டி. வாட்ச்மேன் அண்ணன் "யாரும் கிட்ட வரக்கூடாது"ன்னு கோலமாவால கோடு கிழிச்சுட்டார். மூணு வாரம் பக்கத்துல இருந்த புங்கமரம்தான் எங்களுக்கு மூணாவது கூடை. குட்டிங்க இறங்கிப் போனப்புறம் கம்பியில வெல்ட் பண்ணிட்டோம். 70 செ.மீ. குறை அப்ப வந்ததுதான்.

பிப்ரவரி 12

"கூடை இல்லாம ஆரம்பிக்க முடியாதா?" தாராளமா. இந்த ஆட்டமே அப்படித்தான் ஆரம்பிச்சுது. மரம், விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி எதுல பட்டாலும் கணக்கு. 1975-ல கலிஃபோர்னியா ஓக் குரோவ் பார்க்குல எட் ஹெட்ரிக் முதல் நிரந்தரக் களம் போட்டப்ப அங்கேயும் வெறும் கம்பம்தான். கம்பத்துல பட்டுச்சா படலையான்னு தகராறு வந்து, அப்புறம்தான் சங்கிலிக் கூடைக்குப் போனாங்க. 1977-ல அவருக்கு அதுக்குக் காப்புரிமை கிடைச்சுது. சங்கிலி பொய் சொல்லாது பாருங்க.

அதே மனுஷன்தான் 1967-ல ஃபிரிஸ்பீயைத் திருத்தினதுக்கும் காப்புரிமை வாங்கினவர். டிஸ்க் மேல்பக்கத்துல கோடு கோடா வளையம் இருக்குமே, அது அவர் வேலை. 2002-ல இறந்தப்ப, அவர் ஆசைப்படி அஸ்தியை பிளாஸ்டிக்கோட கலந்து டிஸ்க் வார்த்தாங்க. இதை வீட்ல சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இராமேஸ்வரத்துல கரைச்சா ஒரே இடத்துல நிம்மதியா இருப்பார். இதுல தினம் தினம் மரத்துல மோதணுமே"ன்னா.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஒரு புலம்பல். புதுசா ஒரு பட்டர் ஆன்லைன்ல வரவழைச்சேன். கடை பேர் வேண்டாம். டிஸ்க் அடியில 175 கிராம்னு எழுதியிருக்கு. வீட்டுத் தராசுல வச்சா 168. ஏழு கிராம் காணோம்! இந்த ஆட்டத்துல எடைக்கு உச்சவரம்பு உண்டு: விட்டத்துல ஒரு செ.மீ.க்கு 8.3 கிராம். 21.2 செ.மீ. டிஸ்க்குக்கு 175 சொச்சம்தான் மேல் எல்லை. அந்த எல்லையைத் தொடுறதுக்குன்னே காசு கொடுத்தா லேசான சரக்கைத் தள்ளி விட்டிருக்காங்க. காட்டமா ஒரு மெயில் போட்டிருக்கேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மேலே இருக்கிற புலம்பலைப் படிச்சவங்க மறந்துடுங்க.

நேத்து ராத்திரி தூக்கம் வராம அஞ்சு ரூபாய்க் காசு இருபது எடுத்தேன், அந்தப் பித்தளை நிறக் காசு. ஒண்ணு 6 கிராம். இருபது வச்சா 120 காட்டணும். தராசு 115 காட்டுச்சு. கணக்குப் போட்டா 175 கிராம் டிஸ்க் அந்தத் தராசுல 168-தான் காட்டும். கடைக்காரர் உத்தமர்.

நான் மகாதேவபுரா பக்கம் ஒரு ஆலையில தரக்கட்டுப்பாட்டுல பதினெட்டு வருஷமா இருக்கேன். "பொருளைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி அளவியைச் சந்தேகப்படு"ன்னு புதுப் பசங்களுக்குப் பாடம் எடுக்கிறவன். மன்னிப்பு மெயில் போட்டாச்சு. அம்மாவுக்கு வேற கவலை: "அப்ப நாலு வருஷமா மைசூர்பாகு சரியா வராததுக்கு இதுதான் காரணமா?"

மார்ச் 10, ஞாயிறு

தண்ணிப் பஞ்சம் பார்க்குக்கும் வந்தாச்சு. குடிதண்ணியைச் செடிக்கு ஊத்தினா 5,000 ரூபாய் அபராதம்னு உத்தரவு. புல்வெளி காஞ்சு வரட்டியாட்டம் கிடக்கு. போன மாசம் வரைக்கும் டிஸ்க் விழுந்தா விழுந்த இடத்துல மடங்கும். இப்ப விளிம்புல விழுந்தா எழுந்து நின்னு உருளுது. ரெண்டாவது கூடைக்கு எட்டு மீட்டர்ல இருந்து நான் போட்ட பட் (கூடைக்குள்ள போடுற கடைசிக் குட்டி எறி) சங்கிலியைத் தாண்டி, தரையில நின்னு, சக்கரம் மாதிரி உருண்டு, நிதானமா ஒரு வளைவு எடுத்து, சாக்கடைக் கம்பி மூடி மேல போய்ப் படுத்துச்சு. அங்கிருந்து கூடைக்கு 31 மீட்டர். நடந்து அளந்தேன்.

இன்னொரு விஷயம்: பெங்களூர் கடல் மட்டத்துலேருந்து 920 மீட்டர். காத்து லேசு. அதனால டிஸ்க் இங்கே தூரமாப் போகும். சென்னைக்காரங்க பொறாமைப்படலாம்.

மார்ச் 12

"தப்பு" என்று மட்டும் ஒருத்தர் எழுதிட்டுப் போயிருக்கார். ரெண்டு நாள் முறைச்சுக்கிட்டு இருந்தேன். யோசிச்சுப் பார்த்தா அவர் சொல்றதுதான் சரி. கிரிக்கெட் பந்துக்கு நான் சொன்னது பொருந்தும். டிஸ்க்குக்கு இறக்கை வேலை இருக்கு. காத்து லேசானா தடை குறையும், ஆனா தூக்கிப் பிடிக்கிறதும் குறையும். இங்கே கிட்டத்தட்ட 8 சதவீதம் லேசு. மெதுவாப் போற பட்டருக்குத் தூக்குதான் உயிர். அதனால இங்கே கொஞ்சம் சீக்கிரமே இறங்கும், கடைசிச் சாய்வும் கூடுதலா இருக்கும். சென்னைக்காரங்க பொறாமைப்பட வேண்டாம்.

மார்ச் 24, ஞாயிறு, மதியம்

இன்னைக்கு நடந்ததை எழுதணுமான்னு யோசிச்சேன்.

அஞ்சாவது டீ, அதாவது அஞ்சாவது கூடைக்கு எறிய ஆரம்பிக்கிற இடம். எதிர்ல யாரும் இல்ல. எறிஞ்சேன். நேராத்தான் போச்சு. முக்கால் தூரத்துல வேகம் குறைஞ்சதும் வழக்கம் போல இடப்பக்கம் சாஞ்சு நடைபாதைக்கு மேல போச்சு. அங்கே தினமும் நடக்கிற பெரியவர், ரிட்டயர்ட் பேங்க் ஆபீசர், வளைவைத் தாண்டி அப்பதான் வந்தார். முதுகு எங்க பக்கம். விலகுங்கன்னு எச்சரிக்க "ஃபோர்"னு கத்தணும். என் வாயில வந்தது "ஐயையோ". அவர் திரும்பினார். கையில இருந்த சில்வர் ஃபிளாஸ்க்ல டிஸ்க் பட்டுச்சு. ஃபிளாஸ்க் விழல, ஆனா இடுப்புல ஒரு நசுங்கல். அவருக்கு அடி இல்ல.

திட்டுவார்னு நினைச்சேன். ஃபிளாஸ்க்கைத் தடவிப் பார்த்துட்டு, "நோடப்பா, இது மக்களு ஆடோ ஜாகா"ன்னார். பாருப்பா, இது பசங்க ஆடுற இடம்னு அர்த்தம். அவ்வளவுதான். பத்தடி பின்னால ஒரு பொண்ணு தள்ளுவண்டியில கைக்குழந்தையைத் தள்ளிட்டு வந்துட்டிருந்தா. அதை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

கூடையெல்லாம் கழட்டி வாட்ச்மேன் அறைக்குப் பின்னால வச்சாச்சு.

ஏப்ரல் 14, ஞாயிறு

புத்தாண்டு வாழ்த்து. மூணு வாரமா எறியல. காகிதத்துல பார்க் படம் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்.

வலது கைக்காரன் பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளியே வீசி எறிஞ்சா, மேலே இருந்து பார்த்தா டிஸ்க் கடிகாரம் மாதிரி சுத்தும். பம்பரம் விட்டவங்களுக்குத் தெரியும்: சுத்துற பம்பரத்தைத் தட்டினா தட்டின திசைக்கு விழாது, கால் வட்டம் தள்ளிச் சாயும். டிஸ்க் வேகம் குறையறப்போ காத்து மூக்கைத் தூக்கப் பார்க்கும். சுத்து இருக்கிறதால மூக்கு தூக்காது, உடம்பு இடப்பக்கம் சாயும். எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டாலும் சாயும். இதுக்குப் பேர்தான் ஃபேட்.

எங்க பார்க்குல நடைபாதை வெளி ஓரமா வளையமா ஓடுது, நடுவுல புல்வெளி. நடக்கிறவங்க வலமா வரணும்னு போர்டுல அம்புக்குறி. கூடைங்களையும் வலமாத்தான் போட்டிருந்தோம். அம்மாதான் "எதுவானாலும் வலமா வரட்டும்"ன்னா. எங்களுக்கும் யோசிக்கத் தோணல. வலமா ஆடினா நடைபாதை எப்பவும் இடக்கைப் பக்கம். டிஸ்க் சாயறதும் இடப்பக்கம். போதாததுக்கு நடக்கிறவங்க நாம எறியற திசையிலேயே போறாங்க. அவங்களுக்கு நம்மைத் தெரியாது, நமக்கு அவங்க முதுகுதான் தெரியும். ஆறு கூடையும் இப்படி. நாலு மாசம் ஒண்ணும் ஆகாம இருந்ததுக்குத்தான் சாமிக்குத் தேங்காய் உடைக்கணும்.

இன்னைக்குக் காலையில திருப்பிப் போட்டோம். டீ இருந்த இடத்துல கூடை, கூடை இருந்த இடத்துல டீ. இப்ப நடைபாதை வலக்கைப் பக்கம். சாஞ்சா புல்வெளிக்குத்தான் சாயும். நடக்கிறவங்க எதிர்முகமா வர்றாங்க, கண்ணும் கண்ணும் பார்த்துக்கலாம். வலம் வந்ததுதான் தப்பு, இடம் வந்தா சரி. அம்மா கிட்ட இன்னும் சொல்லல.

கூடவே ஒரு விதி: நடைபாதையில யார் தலை தெரிஞ்சாலும் கை தூக்கக்கூடாது. முப்பது விநாடிக்குள்ள எறியணும்னு ஆட்ட விதி ஒண்ணு இருக்கு. எங்க பார்க்குல அது செல்லாது. பாட்டி தாண்டிப் போற வரைக்கும் நின்னுதான் ஆகணும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட்டுட்டு அப்படியே சென்னை. மச்சினன் அல்டிமேட் ஆடுறவன். சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்ல என் பட்டரைக் கொண்டுபோய் எறிஞ்சோம். இங்கே இடப்பக்கம் ஓடுற அதே டிஸ்க் அங்கே வலப்பக்கம் கவுந்துது! ஆஹா, உயர வித்தியாசத்தைக் கையால பிடிச்சுட்டேன்னு குதிச்சேன்.

மச்சினன் சொன்னான்: "மாமா, கடலைப் பார்த்து நின்னு எறியறீங்க. திரும்பி நில்லுங்க." திரும்பினேன். வழக்கத்தைவிட மோசமா இடப்பக்கம் விழுந்துது.

அப்ப காரணம் கடல்லேருந்து அடிக்கிற எதிர்க்காத்துதான். மணிக்கு 50 கி.மீ.ல எறியற டிஸ்க்குக்கு 10 கி.மீ. எதிர்க்காத்து அடிச்சா, டிஸ்க்கைப் பொறுத்தவரைக்கும் வேகம் 60. விசை வேகத்தோட வர்க்கம்ங்கிறதால 44 சதவீதம் கூடுது. அதுக்கு முன்னால என்னோட 8 சதவீத உயர வித்தியாசம் எம்மாத்திரம்? மார்ச் 10, மார்ச் 12 ரெண்டு குறிப்பையும் பாதியா நம்புங்க.

மே 5, ஞாயிறு

ஏப்ரல் முழுக்க ஒரு சொட்டு இல்லாம இருந்துட்டு இந்த வாரம்தான் மண் நனைஞ்சுது. அந்த வாசனையில ஆடுறதுக்குக் கேள்வி கேட்ட கம்மனஹள்ளிக்காரரும் நேர்ல வந்தார். நல்ல மனுஷன். பையில பதினோரு டிஸ்க். பட்டர் மட்டும்தான்னு சொன்னேன். "ஒரே ஒரு தடவை"ன்னார். பார்க்குல யாருமே இல்ல, நானும் சரின்னுட்டேன்.

டிரைவர் நாலாவது கூடையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, மூணு மாடி வீட்டு மொட்டை மாடியில தண்ணித் தொட்டி மேல விழுந்துது. டணார்னு சத்தம். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தப்ப நாங்க எல்லாரும் புங்கமரத்தைப் பார்த்துட்டு இருந்தோம். "ஆகாது"ங்கிற அவர் கட்சி இன்னும் கலையல, ஆனா வாராவாரம் வர்றார்.

ஜூன் 3, திங்கள்

நேத்து ராத்திரி மழை. 111 மி.மீ. ஜூன்ல ஒரே நாள்ல இத்தனை பேஞ்சது 133 வருஷத்துல இல்லையாம். 1891 கணக்கு முறிஞ்சுது. லேஅவுட்ல கரண்ட் இல்ல, காலையில பார்க்குக்குப் போனா குல்மொஹர் வேரோட சாஞ்சு கிடக்கு. சில்வர் ஓக்ல பெரிய கிளை ஒண்ணு முறிஞ்சு நாலாவது டீ மேல.

அந்தக் கிளையில என் ஆரஞ்சு டிஸ்க். ஜனவரியில காணாமப் போனது. தேட மூணு நிமிஷம்தான் கணக்குன்னு விதி இருந்தும் அன்னைக்கு முப்பது நிமிஷம் தேடினேன். நாய் மேல பழி போட்டேன், அந்த மூணாவது நாய் மேல. அது பாட்டுக்கு மேலே கவட்டையில அஞ்சு மாசம் வெயில்ல வெந்து, கொஞ்சம் கோணி, சுள்ளியெல்லாம் ஒட்டி இருந்திருக்கு. வாட்ச்மேன் அண்ணன் துடைச்சுக் கையில கொடுத்து, "சார், நாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க"ன்னார். பிஸ்கட் வாங்கிப் போட்டேன்.

குல்மொஹர் போனது மனசுக்குக் கஷ்டம். அந்த மரத்தைச் சுத்தி வளைச்சுப் போடுறதுதான் எங்க களத்துலயே அழகான எறி. இப்ப அங்கே வெறும் வானம்.

ஜூலை 14, ஞாயிறு

ஏப்ரல் 14 குறிப்பைப் படிச்சுட்டு ரெண்டு பேர் அவங்க பார்க்குலயும் இடமாத் திருப்பிப் போட்டோம்னு எழுதியிருக்கீங்க. கொஞ்சம் பொறுங்க.

பார்க் வாசல்ல இஸ்திரி வண்டி வச்சிருக்கிறவர் மக, எட்டாவது படிக்கிறா. ஒரு மாசமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டே இருந்தா. போன வாரம் கூப்பிட்டேன். செருப்பைக் கழட்டி ஓரமா விட்டா, டிஸ்க்கை இடது கையில வாங்கினா. எனக்கு அப்பவும் உறைக்கல. எறிஞ்சா. பாண்டி ஆட்டத்துல சில்லு போடுற மாதிரி சின்ன மணிக்கட்டு அசைவு, அவ்வளவுதான். நாப்பது மீட்டர் போச்சு. கடைசியில வலப்பக்கம் சாஞ்சு நேரா நடைபாதை.

இடது கைக்கு எல்லாம் தலைகீழ். சுத்து எதிர்ப்பக்கம், சாய்வு வலப்பக்கம். மூணு வாரம் காகிதத்துல கோடு போட்டு நான் கண்டுபிடிச்ச ஏற்பாட்டுல "எல்லாரும் வலது கைக்காரங்க"ன்னு எழுதாமலே எழுதியிருந்தேன். அவளுக்கு என் முதல் வலம்தான் பாதுகாப்பு.

ஃபோர்ஹேண்ட் போடச் சொல்லலாம். குளத்துல ஓட்டாஞ்சில்லைத் தத்தித் தத்திப் போக விடுவோமே, அந்தக் கைவீச்சு. அப்படிப் போட்டா இடது கைக்கும் இடப்பக்கம் சாயும். சொன்னேன். "நீங்க அப்படிப் போடுவீங்களா அங்கிள்?"ன்னு கேட்டா. நான் போட்டா என் டிஸ்க் நடைபாதைக்குப் போகும். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம்.

ஜூலை 15

அவளோட முதல் ஆட்டத்துல ஆறு கூடைக்கும் சேர்த்து 17 எறி. எட்டு மாசம் ஆடி என் சிறந்த கணக்கு 15. இதை எழுதிட்டுத் தூங்கப் போறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வலமா இடமாங்கிற கேள்வியையே விட்டுட்டோம். ஆறு கூடையையும் ஒன்பது தப்படி உள்ளே இழுத்தாச்சு. டீயையும் இழுத்தாச்சு. இப்ப எந்தக் கைக்காரர் எந்தப் பக்கம் சொதப்பினாலும் டிஸ்க் புல்லுலதான் விழுது. நல்ல எறி எங்கே விழும்னு பார்த்துத்தான் இதுவரைக்கும் கூடை நட்டோம். படுமோசமான எறி எங்கே விழும்னு பார்த்து நடணும். இது டிசம்பர்லயே உறைச்சிருக்கணும்.

நீளமெல்லாம் சுருங்கிப் போச்சு. 52 இப்ப 43, 28 இப்ப 24. சப்புன்னு இருக்கும்னு பயந்தேன். ஆனா தபேபுயா மரங்க ரெண்டும் இப்ப பாதையில குறுக்கே வந்துடுச்சு. 24 மீட்டர்தான், நடுவுல ஒரு ஆள் நுழையற இடைவெளி. போன வாரம் அதுல நான் எடுத்தது ஆறு. விவரம் கேக்காதீங்க.

இன்னொரு திருத்தம். பிப்ரவரி 4-ல அல்டிமேட் டிஸ்க் வேலைக்கு ஆகாதுன்னு பெரிய வாய் பேசினேன். லேஅவுட் பசங்க பத்துப் பேர் இப்ப ஆட வர்றாங்க, அவங்க எல்லாருக்கும் மச்சினன்கிட்ட வாங்கின பழைய அல்டிமேட் டிஸ்க்தான். மெதுவாப் போகுது, தூரத்துலேருந்தே வர்றது தெரியுது, மேல பட்டா வலி கம்மி, கூடைக்குள்ளயும் தாராளமா விழுது. தூரம் போகாது. 24 மீட்டருக்கு எவ்வளவு தூரம் வேணும்? கேட்டவர்கிட்ட நேர்ல மன்னிப்புக் கேட்டாச்சு. "அப்ப என் பதினோரு டிஸ்க்கை என்ன பண்றது?"ன்னார். பத்துதானே, ஒண்ணு தண்ணித் தொட்டி மேல இருக்கே.

ஆகஸ்ட் 19

"அடையாளத்துக்கு என்ன வைக்கிறீங்க?" டிஸ்க் விழுந்த இடத்துல வைக்கிற குட்டி வட்டு 7-லேருந்து 15 செ.மீ.க்குள்ள இருக்கணும். ஒரு தடவை எதுவும் இல்லாம அம்மா சுட்ட தட்டையை வச்சோம், அளவு சரியா இருந்துது. பட் போட்டுட்டுத் திரும்பிப் பார்த்தா அடையாளத்தைக் காணோம். இந்த முறை நாய்தான். சத்தியமா.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வாட்ச்மேன் அண்ணன் துடைப்பம், மண்வெட்டி, தண்ணிக் குழாய் எல்லாத்துக்கும் சந்தனம் வச்சுட்டு, ஆறு கூடைக்கும் வச்சுட்டார். சங்கிலி சங்கிலியா சாமந்திப்பூ. இஸ்திரிப்பெட்டிக்குப் பொட்டு வச்ச கையோட அந்தப் பொண்ணு தன் டிஸ்க்குக்கும் வச்சுக்கிட்டா. கோணிப்போன ஆரஞ்சு டிஸ்க்தான், நான் கொடுத்தது. கோணல் அவ கைக்குத் தோதா இருக்காம்.

எங்க வீட்ல என் பட்டர், அம்மாவோட அரிவாள்மனை, அந்தத் தராசு மூணும் ஒரே பலகையில. தராசுல "120-க்கு 115" என்று சீட்டு ஒட்டியிருக்கேன். மைசூர்பாகு இந்த வருஷமும் சரியா வரல.

ஃபிளாஸ்க் பெரியவரும் பார்க்குக்கு வந்தார். பொரி வாங்கிக்கிட்டு முதல் கூடை முன்னால நின்னு ஒரு டிஸ்க் கேட்டார். ஆயுதத்தை இன்னைக்கு எடுக்கக்கூடாது சார்னேன். "சுள்ளு சாஸ்த்ரா", பொய் சாஸ்திரம்னு சிரிச்சுட்டு எறிஞ்சார். அஞ்சு மீட்டர் இருக்கும். டிஸ்க் சைக்கிள் ரிம் மேல ஏறி உட்கார்ந்துடுச்சு. கூடை மேல உட்கார்ந்தா கணக்கில்லை, விதி. அவர் ஒத்துக்க மாட்டேங்கிறார். வாட்ச்மேன் அண்ணனும் அவர் பக்கம். சாயங்காலம் வரைக்கும் டிஸ்க்கை யாரும் எடுக்கல, அங்கேயே இருக்கு.

நாளைக்கு விஜயதசமி, ஆறு மணிக்கு ஆட்டம். நாலாவது டீ பக்கம் பூசணிக்காய் உடைச்சிருக்காங்க, வழுக்கும். பார்த்துக் கால் வைங்க.